பத்தாமல் போனது

போன வருஷம் சீசன் சமயத்தில் இலத்தூர் போயிருந்தேன். குற்றாலத்தில் குளிக்க இல்லை. அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. தாய்மாமன் போகாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்!

தென்காசியில் பஸ் ஏறும்போதே சாரல். வீட்டுக்குள் நுழைந்தால் அதைவிடப் பெரிய சத்தம். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. ஆபரேஷன் செய்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு, 'இப்பத்தான் மாமா குடிச்சான்' என்றாள் அக்கா மகள். அவள் கண்ணிலும் தண்ணீர்.

பக்கத்து வீட்டு அம்மாள் வாசல்படியில் நின்றபடியே தீர்ப்பு சொல்லிவிட்டார். 'பாலு பத்தல. டப்பா வாங்கி ஊத்துங்க.'

நான் பர்ஸை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஆம்பிளைகளுக்கு இது ஒரு வசதி. எந்தப் பிரச்னைக்கும் கடையில் ஏதாவது விற்கும் என்று நம்புகிற ஜாதி நாம். உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது.

'எய்யா, இரு. பாலு எங்க பத்தாம போவு? ஆளுல்லா பத்தல!'

உட்கார்ந்துவிட்டேன். சொன்னது சாதாரண ஆள் இல்லை. எனக்கு மூன்று வயது வரை பால் கொடுத்தவள். அதுவும் பீடி சுற்றிக்கொண்டே.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பீடிதான் பிழைப்பு. ராத்திரி இலையை நனைத்துவைக்க வேண்டும். காலையில் வெட்டி, மடியில் சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆயிரம் பீடி முடிய பத்து மணி நேரம் ஆகும். நான் பி.காம். படித்தவன் இல்லையா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை பால் கொடுக்க அரை மணி என்றால் ஐம்பது பீடி போச்சு. பகலில் ஐந்து தடவை என்றால் இருநூற்றைம்பது. கால்வாசிக் கூலி!

தாய்ப்பால் இலவசம் என்று யார் சொன்னது? அம்மாவின் நேரத்துக்கு விலை போடாவிட்டால் மட்டும்தான் இலவசம்.

'எப்படிம்மா சமாளிச்ச?' என்று கேட்டேன்.

'நானா சமாளிச்சேன்? ஒங்க ஆச்சி இலை வெட்டித் தந்தா. சித்தி தண்ணி எடுத்தா. வீட்டுலதான வேல, நீ அழுதா கையக் கழுவிட்டு எடுத்துப் போட்டுக்கிடுவேன். அவ்வளவுதான்.'

இதை ஏதோ பொற்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். புகையிலைத் தூளுக்கு நடுவே வளர்வது எந்தக் குழந்தைக்கும் நல்லதில்லை. வீட்டில் பீடி சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று 1966-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால், அம்மா சுற்றியது இன்னொருத்தர் பாஸ் புக்கில். பேரே இல்லாத இடத்தில் பேறுகால உதவி எங்கிருந்து வரும்? இருந்தும் என் வயிறு நிறைந்தது என்றால், அதற்கு மாமியாரும் சித்தியும்தான் காரணம்.

இனி என் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது.

2009-ல் சென்னையில் எங்களுக்கு மகன் பிறந்தான். மனைவி ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்த்தாள். அப்போது சட்டப்படி பேறுகால விடுப்பு 12 வாரம். மூன்றாவது மாதம் முடிவதற்குள் ஆபீஸ் போக ஆரம்பித்தாள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மதியம் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். பாத்ரூமில் நின்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருவாள். புடவை நனைந்ததை ஃபைலால் மறைத்துக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்ததாக ஒரு நாள் சொன்னாள். நான் டி.வி. பார்த்துக்கொண்டே கேட்டேன்.

நாலாவது மாதம் பால் குறைந்தது. 'ஒனக்குப் பால் பத்தல போல' என்று சொல்லிவிட்டு டப்பா வாங்கி வந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

காலேஜில் டிமாண்ட், சப்ளை என்று மூன்று வருஷம் படித்தவனுக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை. தாய்ப்பால் குடோனில் இருக்கும் சரக்கு மாதிரி இல்லை. எடுக்க எடுக்கத்தான் உற்பத்தி. குழந்தை உறிஞ்சினால், 'இன்னும் வேணும்' என்று உடம்புக்கு ஆர்டர் போகிறது. மார்பில் பால் தேங்கினால், 'போதும், குறை' என்று போகிறது. ஒரு வேளை டப்பாப் பால் கொடுத்தால் ஒரு ஆர்டர் கேன்சல். நாலு நாள் இப்படிப் போனால், 'பத்தல' என்று சொன்னது நிஜமாகிவிடும். சொன்னவர், 'நான் அப்பவே சொன்னேன்ல?' என்பார்.

பால் பவுடர் டப்பாவில் குழந்தை படம் இருக்காது, கவனித்திருக்கிறீர்களா? 1981-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த வியாபாரத்துக்கு ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. 1992-ல் இந்தியாவும் சட்டம் போட்டது. விளம்பரம் கூடாது, டப்பாவில் கொழுகொழு குழந்தை படம் கூடாது. கம்பெனிகளின் வாயை அடைத்தாயிற்று. நம் வாயை யார் அடைப்பது?

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மூர் நிலவரம் என்ன? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். சபாஷ்! ஆனால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பது நூற்றுக்குச் சுமார் 55. அகில இந்திய அளவு 63.7. நாம் பின்னால் நிற்கிறோம்.

ஏன் என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. இங்கே நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். தையல் போட்ட உடம்போடு திரும்பிப் படுக்கவே முடியாதவள், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் எப்படிப் பால் கொடுப்பாள்? பக்கத்தில் ஒரு ஆள் பிள்ளையை எடுத்து அணைத்துக் கொடுத்தால் முடியும். அந்த ஆள் இல்லாவிட்டால் முதல் நாளே புட்டி வந்துவிடும்.

அப்புறம் லீவு. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2011-ல் ஆறு மாதம், 2016-ல் ஒன்பது, 2021-ல் பன்னிரண்டு மாதம் என்று நீண்டது. 2017-ல் தனியார் நிறுவனங்களிலும் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆனது. 2015-ல் பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறை வந்தது. எல்லாம் நல்ல காரியம். ஆனால், அக்கா மகள் வேலை பார்ப்பது ஆறே பேர் இருக்கும் ஒரு கடை. பத்துப் பேருக்குக் குறைந்த கடைக்குள் இந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது.

அதற்காக டப்பாவே பாவம் என்று சொல்ல வரவில்லை. நிஜமாகவே பால் சுரக்காதவர்கள் உண்டு. மருத்துவக் காரணத்தால் கொடுக்க முடியாதவர்களும் உண்டு. டாக்டர் சொன்னால் கொடுக்கத்தான் வேண்டும். வாசல்படியில் நிற்கிறவர் சொன்னால்?

மறுநாள் கிராம நர்ஸ் வந்து எடை போட்டார். ஏறியிருந்தது. 'ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்கு போறான்ல? அப்ப பால் போதும்' என்றார். சாயங்காலத்தில் பிள்ளைகள் அடிக்கடி பால் கேட்டு அழுவது வழக்கம்தானாம். மடியில் வைத்துக்கொள்ளும் விதத்தையும் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார். அக்கா சமையலைப் பார்த்துக்கொண்டாள். மாப்பிள்ளை ராத்திரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் நாலு நாள் துணி அலசினேன். மழையில் காயவில்லை, அது வேறு விஷயம். மெடிக்கல் ஷாப் பக்கம் யாரும் போகவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மனைவிக்கு போன் செய்தேன். எல்லாம் சொல்லிவிட்டு, 'அன்னிக்கு ஒனக்குப் பால் பத்தாம போகல. நான்தான்...' என்று இழுத்தேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

'எனக்கு அப்பவே தெரியும்' என்றாள். பிறகு, 'நீங்க சொன்னப்புறம்தான் சந்தேகம் வந்துச்சு.'