மூத்தவனுக்கு முதற்சோறு

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலையை அடுத்த எங்கள் வீடு அவ்வெல்லைக்கு மேற்கே அமைந்தது. வீட்டில் பேச்சு தமிழ். அடுக்களையில் மரச்சீனியும் சாளைக்கறியும்.

எங்கள் நாய் கறுப்பனுக்கு வயது 9. மீன் மணம் இல்லாத சோற்றை முகர்ந்துவிட்டு முகம் திருப்பிக்கொள்ளும் இயல்பினன். சென்ற ஆடியில் களியக்காவிளை உறவினர் வீட்டிலிருந்து 2 மாதக் குட்டியொன்றைக் கொண்டுவந்தோம். அது தன் கிண்ணத்தைக் காலி செய்தபின் கறுப்பனின் கிண்ணத்திலும் தலையை நுழைத்தது. அவன் சண்டையிடவில்லை, விலகிப் போய்க் கிணற்றடியில் படுத்துக்கொண்டான். இரண்டு நாள் தண்ணீரன்றி எதையும் தொடவில்லை. மீனைக் கையில் வைத்து ஊட்டிப் பார்த்தோம், பயனில்லை. அவனை இழந்துவிடுவோமோ என்று அஞ்சினோம்.

கால்நடை மருத்துவர் பல்லையும் வயிற்றையும் சோதித்து, நோயில்லை என்றார். அவர் வகுத்த முறை எளியது. குட்டிக்கு நாளொன்றுக்கு 4 வேளை, சிறிது சிறிதாக. மூத்தவனுக்கு 2 வேளை, அவனுடைய பழைய இடத்தில், குட்டிக்கு முன்பாக. இடையே மூடிய கதவு. கெஞ்சி ஊட்டலாகாது; 20 நிமிடத்தில் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். மீன்முள்ளும் வெங்காயமும் இரண்டிற்குமே ஆகா.

அன்று மாலையே கறுப்பன் பின்திண்ணையில் பாதிச் சோறு உண்டான்.

வந்தவர்க்கு இடமளிக்க, இருந்தவரின் இடத்தைப் பறிக்க வேண்டியதில்லை. பிற மண்ணில் இலை விரித்து உண்ணும் நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? இன்றும் குட்டி நெருங்கினால் கறுப்பன் உறுமுகிறான். ஆயினும், உறுமிக்கொண்டே உண்கிறான்.