கைப்பிடியின் அளவு

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாக உடப்புசல்லாவைக்குச் செல்லும் வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் தம் இடக்கையின் அருமையை விரைவில் உணர்வர். வளைவுதோறும் கியர் மாற்ற வேண்டும். மாற்றுந்தோறும் கிளச்சைப் பிடிக்க வேண்டும்.

என் தந்தையார் அப்பகுதித் தோட்டமொன்றில் வைத்திய உதவியாளராகப் பணியாற்றியவர். நள்ளிரவில் லயத்திலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டினால், அவரை மேற்கணக்குக்குக் கொண்டுசெல்ல ஒரு பழைய மோட்டார் சைக்கிளே இருந்தது. அங்கே ஒரு தாய் பிரசவ வேதனையில் துடிக்க, இங்கே கியர் விழ மறுக்கும் வண்டி எத்தகைய துயரம் என்பதை அவ்வீட்டில் வளர்ந்தே அறிந்தேன்.

இயந்திரத்தின் விசையைச் சக்கரத்தோடு இணைப்பதும் பிரிப்பதும் கிளச்சின் தொழில். உராய்வுத் தகடுகளும் உருக்குத் தகடுகளும் ஒன்றுவிட்டொன்றாக அடுக்கப்பட்டு, சுருள்விற்களால் நெருக்கப்பட்டிருக்கும். பிடியை இழுத்தால் நெருக்கம் தளர்ந்து அவை விலகும். கேபிள் அளவுமீறித் தளர்ந்தால் தகடுகள் முற்றாக விலகா. கியர் கரகரத்து முரண்டும், நின்ற நிலையில் நியூட்ரல் அகப்படாது. அளவுமீறி இறுகினாலோ அவை முற்றாகச் சேரா. ஏற்றத்தில் இயந்திரம் இரையும், வண்டி நகராது, தகடுகள் கருகும்.

“ஐயா, கியர் விழலேன்னு உடனே பெட்டியைக் கழட்டாதீங்க; மொதல்ல கேபிளைப் பாருங்க” என்பார் கராஜ் பாஸ் ஒருவர். பூட்டுநட்டைத் தளர்த்தித் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் பிடியின் நுனி 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை வெறுமனே அசைதல் முறை. குளிர்ந்த காலையில் எண்ணெய் தடித்துத் தகடுகள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. இயந்திரத்தை இயக்குமுன் கியரிலிட்டு, பிடியை இழுத்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் அவை பிரியும்.

1958இல் ஜப்பானில் வெளிவந்த ஹொண்டா சூப்பர் கப் இந்தக் கைப்பிடியையே நீக்கிவிட்டது. உணவு கொண்டுசெல்லும் பையன் ஒரு கையாலேயே ஓட்டலாம். எனினும் கிளச் அதிலும் உண்டு. கியர் மிதியே அதனை விலக்கும். அவ்விலக்கத்தைச் சீர்செய்ய ஒரு திருகும் உண்டு. பிடி மறைந்ததேயன்றி, அளவு பார்க்கும் கடமை மறையவில்லை.

மலைநாட்டில் இக்கடமை சௌகரியத்துக்காக மட்டும் அன்று. செங்குத்தான இறக்கத்தில் கீழ்க் கியர் விழாவிட்டால், ஈரவீதியில் பிரேக்கை மட்டுமே நம்பவேண்டி வரும். தந்தையார் மாலைதோறும் மருந்துப் பெட்டியைச் சரிபார்ப்பார். பின் வாசலுக்கு வந்து பிடியை இருமுறை அழுத்திப் பார்ப்பார். அவ்விரண்டையும் அவர் வைத்தியத்தின் பகுதியாகவே கொண்டார்.