விண்ணப்பத்தில் ஒரே ஒரு பெயர்

1970, பிலடெல்பியா

மார்ஜரி மார்கோலிஸ் தொலைக்காட்சிச் செய்தியாளர். மணமாகாதவர், முப்பதைத் தொடாதவர். தத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பற்றிச் செய்தி சேகரிக்கப் போன இடத்தில் அவருடைய மனம் மாறிற்று. தென் கொரியாவிலிருந்து ஒரு சிறுமியை மகளாக்கிக்கொண்டார். வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுத்த முதல் மணமாகாத அமெரிக்கர் என்று அவர் பெயர் பதிவாயிற்று. நான்கு ஆண்டுகளில் வியட்நாமிலிருந்து இரண்டாவது மகளும் வந்து சேர்ந்தாள். திருமணம் அதற்குப் பின்னால்தான் நடந்தது. பிற்பாடு அமெரிக்கக் காங்கிரசுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சட்டம் மெதுவாக அவர் பின்னே வந்தது. 1975 டிசம்பரில் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியது. 25 வயது நிரம்பிய, மணமாகாத குடிமக்களும் தத்தெடுத்த அயல்நாட்டுப் பிள்ளையை அழைத்துவர வழி பிறந்தது.

1993 மே 29, ஹேக்

நாடு கடந்த தத்தெடுப்புக்கான உடன்படிக்கை இங்கே முடிவாகிறது. பிள்ளைக்கு முதலில் சொந்த நாட்டிலேயே குடும்பம் தேட வேண்டும், தாய் தந்தையின் சம்மதம் பணம் கொடுத்து வாங்கியதாக இருக்கக் கூடாது, இரு நாடுகளின் மைய அமைப்புகளும் ஒப்பிய பிறகே குழந்தை விமானம் ஏற வேண்டும். சாரம் இவ்வளவுதான். தத்தெடுப்பவர் யார் என்று சொல்லும் இடத்தில் 'தம்பதியர் அல்லது ஒரு நபர்' என்றே உடன்படிக்கை எழுதியிருக்கிறது. தனியாளுக்கு அது கதவைச் சாத்தவில்லை. சாத்துவதா திறப்பதா என்பதை ஒவ்வொரு நாட்டின் கையிலும் விட்டது. இந்தியா 2003-இல் இதை ஏற்றது.

1996 நவம்பர், பெரு

லக்ஸம்பர்க்கைச் சேர்ந்த மணமாகாத பெண் ஒருவருக்கு, கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்ட மூன்று வயதுச் சிறுமியை முழுத் தத்தாகக் கொடுத்துப் பெரு நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளிக்கிறது. தாயும் மகளும் ஊர் திரும்புகிறார்கள். அதுவரை பெரு நாட்டுத் தீர்ப்புகளை லக்ஸம்பர்க் அதிகாரிகள் கேள்வி கேட்காமல் பதிவேட்டில் ஏற்றி வந்தார்கள். இவர் போன நேரம் அந்த வழக்கம் நின்றுபோயிருந்தது. முழுத் தத்து தம்பதியருக்கு மட்டும் என்று உள்நாட்டுச் சட்டம் சொல்கிறது, உமக்கு இல்லை என்றார்கள்.

அதனால் நேர்ந்தது என்ன? அந்த வீட்டில் வளர்ந்த சிறுமி சட்டத்தின் கண்ணில் அயலாளாகவே இருந்தாள். லக்ஸம்பர்க் குடியுரிமை இல்லை. தங்கியிருக்க அனுமதி கேட்க வேண்டும், சில நாடுகளுக்குப் போக விசா வாங்க வேண்டும். பெருவில் சட்டப்படி அம்மா, லக்ஸம்பர்க்கில் அப்படியில்லை. தண்டிக்கப்பட்டது மணமாகாத தாய் என்று அதிகாரிகள் நினைத்திருக்கலாம். சுமந்தது குழந்தை.

2005, சென்னை, ஹெங்யாங்

இந்த ஆண்டின் இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். வட சென்னையின் ஏழைக் குடும்பங்களிலிருந்து திருடப்பட்ட பிள்ளைகள், தத்து நிறுவனம் ஒன்றின் வழியாக நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது காவல்துறைக் கைதுகளால் வெளியே வந்தது. பிள்ளையைத் தாயே கொடுத்ததாகப் பொய்த்தாள்கள் தயாராகியிருந்தன. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் பின்னாளில் நெதர்லாந்து நீதிமன்றம் வரை போனார்.

அதே ஆண்டு நவம்பரில் சீனத்தின் ஹுனான் மாகாணத்து ஹெங்யாங் நகரில், அரசு அனாதை இல்லங்கள் குழந்தைகளைக் காசு கொடுத்து வாங்கிய குட்டு உடைந்தது. அடுத்த பிப்ரவரியில் பத்துப் பேர் தண்டனை பெற்றார்கள்.

இரண்டு இடங்களிலும் வளர்ப்புப் பெற்றோரின் தாள்களைத்தான் துருவித் துருவிப் பார்த்தார்கள்: வருமானம், உடல்நலம், நடத்தை. குழந்தை எங்கிருந்து வந்தது என்ற தாளில் ஒரு முத்திரை இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

2007 மே 1, பெய்ஜிங்

சீனாவின் புதிய விதிகள் இன்று நடைமுறைக்கு வருகின்றன. 1990-களில் கதவு திறந்த நாளிலிருந்து அமெரிக்கா, ஐரோப்பாவின் மணமாகாத பெண்களுக்குச் சீனாதான் பெரிய நம்பிக்கை. இப்போது தம்பதியர் மட்டுமே, அதுவும் மணமாகி இரண்டு ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். உடல் பருமனுக்கும் வரம்பு, மனச்சோர்வுக்கு மருந்து உண்பவர்களுக்கும் தடை. பட்டியல் நீண்டது. ஹெங்யாங்கில் பிடிபட்டவர்கள் இடைத்தரகர்களும் இல்ல நிர்வாகிகளும். வரம்பு இறுகியதோ விண்ணப்பம் போடுகிறவர்கள் மேல்.

2011-இல் கதவு சற்றே திறந்தது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளை மட்டும் தனித்து வாழும் பெண்கள் தத்தெடுக்கலாம் என்றார்கள். கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய விதி இது. நல்ல உடல்நலமுள்ள குழந்தையை வளர்க்க ஒரு பெண் போதாதாம், இதய அறுவைக்குக் காத்திருக்கும் குழந்தைக்கு அவள் போதுமாம். இந்த விதியின் கீழ் பிள்ளைகளை ஏற்று, மருத்துவமனைகளில் இரவு பகலாக உட்கார்ந்த பெண்களைப் பார்த்த பிறகாவது முதல் பாதியை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

2007 ஜூன் 28, ஸ்ட்ராஸ்பர்க்

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் லக்ஸம்பர்க் தாய்க்கும் மகளுக்கும் சாதகமாகத் தீர்ப்பளிக்கிறது. குடும்ப வாழ்வை மதிக்கும் உரிமை மீறப்பட்டது, மகள் பாகுபாட்டுக்கு ஆளானாள். வெளிநாட்டில் சட்டப்படி உண்டாகி, நடைமுறையில் உயிரோடு இருக்கும் குடும்ப உறவை ஒரு நாடு கண்டும் காணாமல் இருக்க முடியாது என்பது தீர்ப்பின் உள்ளடக்கம். மூன்று வயதில் வந்தவளுக்கு அப்போது வயது பதின்மூன்றைத் தாண்டியிருந்தது.

2015 அக்டோபர், இந்தியா

அன்னை தெரசாவின் பிறர் அன்பின் பணியாளர் சபை, இந்தியாவில் தன் தத்தெடுப்பு மையங்களை மூடிக்கொள்கிறது. ஆகஸ்டில் வந்த புதிய நெறிமுறைகள் மணமாகாதவர்களுக்கும் மணவிலக்குப் பெற்றவர்களுக்கும் பிள்ளை கொடுக்கச் சொல்கின்றன, மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். தனியாள் தத்தெடுப்பு இந்தியாவுக்குப் புதிதல்ல. சுஷ்மிதா சென் 2000-த்திலேயே மணமாகாமல் ஒரு மகளைத் தத்தெடுத்திருந்தார். யாருக்குக் கொடுப்பது என்று அந்தந்த இல்லமே முடிவு செய்த காலம் போய், காரா எனும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் இணையப் பதிவு வரிசைக்கு அது மாறியதுதான் புதிது. அந்தச் சகோதரிகள் கைவிடப்பட்ட சிசுக்களை எடுத்து வளர்த்ததை எவரும் மறக்க முடியாது. ஆனாலும் இந்த முடிவு தவறு. வரிசை என்று ஒன்று வந்தால் அதில் ஒற்றைப் பெயருக்கும் இடம் வேண்டும்.

2024 செப்டம்பர் 5, பெய்ஜிங்

வெளிநாட்டுக்குப் பிள்ளை கொடுப்பதை நிறுத்துவதாகச் சீன வெளியுறவு அமைச்சகம் அறிவிக்கிறது. நெருங்கிய இரத்த உறவுக் குழந்தை, வாழ்க்கைத் துணையின் குழந்தை ஆகியோருக்கு மட்டும் விலக்கு. கோவிட் காலத்துக்கு முன்பே பிள்ளையின் படமும் பெயரும் கைக்கு வந்து, அறையைத் தயார் செய்து காத்திருந்தவர்கள் அமெரிக்காவில் மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். 2004-இல் அமெரிக்கா உலகெங்குமிருந்து ஏறத்தாழ 23,000 பிள்ளைகளைத் தத்தெடுத்தது. 2023-இல் அந்த எண்ணிக்கை 1,275.

2025 மார்ச் 21, ரோம்

1983-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் மணமான தம்பதியரைத் தவிர வேறெவரையும் இத்தாலியிலிருந்து அயல்நாட்டுத் தத்துக்கு விண்ணப்பிக்க விட்டதில்லை. மணமாகாத பெண் ஒருவரின் மனுவைக் கையில் வைத்திருந்த பிளாரன்ஸ் சிறார் நீதிமன்றம் அரசியலமைப்பு நீதிமன்றத்தைக் கேட்டது. பதில் இன்று வெளியாகிறது: தனியாள் என்ற ஒரே காரணத்துக்காக விலக்குவது செல்லாது. நிலையான, இணக்கமான வீட்டைத் தனியாளும் தர முடியும். இந்த நபர் தகுதியானவர்தானா என்பதை நீதிபதி ஆளைப் பார்த்து முடிவு செய்யட்டும். கேள்வியை அது இருக்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைத்த தீர்ப்பு இது.

இந்தியாவிலிருந்து தத்தெடுக்க நினைப்பவர்களுக்கு

டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ தனித்து வாழும் தமிழ்ப் பெண்ணுக்கு இந்தியச் சட்டம் தடை சொல்லவில்லை. பெண்ணானால் ஆண் பிள்ளையையும் பெண் பிள்ளையையும் தத்தெடுக்கலாம். தனித்து வாழும் ஆணுக்குப் பெண் பிள்ளையைத் தருவதில்லை. 2022 விதிகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விண்ணப்பிக்கும் தனியாளின் வயது 40-ஐத் தாண்டக் கூடாது. நான்கு வயது வரை 45, எட்டு வயது வரை 50, அதற்கு மேல் 55. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு உள்நாட்டவருக்கு இணையான முன்னுரிமை உண்டு. பிள்ளை வீட்டுக்கு வந்த பின் இரண்டு ஆண்டுகளில் ஆறு கண்காணிப்பு அறிக்கைகள் வர வேண்டும்.

உங்களிடம் நூறு தாள் கேட்பார்கள், கொடுங்கள். நீங்களும் பிள்ளையின் தாளைக் கேளுங்கள். குழந்தைகள் நலக் குழு எந்தத் தேதியில் அதைத் தத்துக்கு உரியதென்று அறிவித்தது? சொந்தக் குடும்பத்தைத் தேடி முடித்து அப்படி அறிவிக்கச் சட்டம் குறித்திருக்கும் கால எல்லை, இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு இரண்டு மாதம், மூத்த பிள்ளைக்கு நான்கு மாதம்; அதற்குள் தேடல் உண்மையாகவே நடந்ததா? காராவின் வரிசைக்கு வெளியே, காசுக்குச் சீக்கிரமாகக் குழந்தை கிடைக்கும் என்று எவராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். இந்தியாவில் இருக்கும் உறவினரைக் கொண்டு 1098-க்கு அழைத்துச் சொல்லுங்கள்.