33இல் ஒளிந்திருக்கும் 36 செக்கன்



1990 ஒக்டோபர் 30இல் சோனகத்தெருவை விட்டு வெளியேறிய கதையை மூத்தவர்கள் சொல்லச் சொல்லப் பலரும் போனில் பதிந்து வைத்திருக்கிறோம். அதற்கு எழுத்து போட்டவர்களின் முறைப்பாடு ஒன்றுதான்: தொடக்கத்தில் சரி, போகப் போக வாய் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். "இரண்டு மணித்தியாலம்தான் தந்தாங்க" என்று உம்மும்மா சொல்லும்போது கீழே ஜின்னா மைதானம் வந்து நிற்கிறது.

காரணம் பல இருக்கலாம். கணக்குப் படிப்பிக்கிறவன் என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

போன் பெரும்பாலும் செக்கனுக்கு 30 படம் எடுக்கும். ஒரு படத்துக்கு 33.333… மில்லிசெக்கன். மென்பொருள் அதை 33 என்று வெட்டி, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனால்? மணித்தியாலத்துக்கு 108,000 படம். ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு மில்லிசெக்கன் போனால் 36 செக்கன் காலி!

அதனால்தான் எஃப்எஃப்எம்பெக் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் நேரத்தைத் தசமமாக வைப்பதில்லை. தொகுதி, பகுதி என்று இரண்டு முழு எண்ணாக, நாங்கள் ஆறாம் வகுப்பில் படித்த பின்னமாகவே வைக்கின்றன. எம்பெக் முறையில் ஒரு செக்கனை 90,000 ஆகப் பிரித்ததும் சும்மா இல்லை: 24, 25, 30 மூன்றாலும் மீதியின்றி வகுபடும்.

இப்படியான பிழைக்கு யாராவது ஒரு 'பட்ச்' எழுதி அனுப்பினால், அதைச் சேர்க்க முதல் இன்னொருவர் வரி வரியாக வாசிப்பார். அவர் முதலில் கேட்க வேண்டியது, எந்த வீடியோவில் சோதித்தாய் என்பது. நம்ம நாட்டுத் தொலைக்காட்சி முறையான 25 படத்தில் சோதித்தால் ஒன்றுக்குச் சரியாக 40 மில்லிசெக்கன். பிழை தலை காட்டவே காட்டாது. 30இலும், 29.97இலும், அதுவும் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்க்க வேணும்.

அடுத்தது, எந்தப் பக்கம் முழுமையாக்குவது. நோன்புக் கலண்டர் நமக்குத் தெரியும்தானே. சூரியன் மறைவது 6.12ம் 20 செக்கனும் என்றால் 6.12 என்று போட ஏலாது, 6.13 என்றே போட வேணும். சஹர் முடிவுக்கு அது தலைகீழ். வீடியோவிலும் 33.333ஐ 33 ஆக்கினால், அந்த இடத்துக்குத் தாவும்போது முந்திய படம்தான் வந்து நிற்கும்.

மூத்தவர்களின் பதிவு வைத்திருப்பவர்கள் முதற்கோப்பை அழிக்காதீர்கள். வட்சப்பில் அனுப்புவதென்றால் வீடியோவாக அல்ல, டொக்கியுமன்டாக அனுப்புங்கள். எழுத்தைப் பிறகும் திருத்தலாம்.