நாங்கள் தாண்டிய வரி

"ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சிடும்" எண்டுதான் சொன்னவை. ஒன்றரை மணித்தியாலம் தாண்டியும் தியேட்டர் கதவு திறக்கவில்லை. நாங்கள் மூன்று பிள்ளைகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் வாங்கில் இருந்தோம்.

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். பொரியல் சாப்பிட்ட இரவுகளில் வலதுபக்க விலாவுக்குக் கீழே பிடிக்கும். வாய்வு என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்துவிடுவா. ஸ்கான் எடுத்த பிறகுதான் விசயம் தெரிந்தது. ஒப்பரேசனுக்கான படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. வாசித்துச் சொன்னது நாங்கள்தான். 'தேவைப்பட்டால் பித்தக்குழாயைப் படம் எடுப்போம்' என்ற வரியை மட்டும் தாண்டிவிட்டோம், கேட்டால் பயப்படுவா என்று. எங்களுக்கே அது விளங்கவில்லை என்பது வேறு கதை.

டொக்டர் வெளியே வந்து ஒரு கடுதாசியில் கீறிக் காட்டினார். பித்தப்பையில் இருந்து வரும் சின்னக் குழாய், ஈரலில் இருந்து குடலுக்குப் போகும் பெரிய குழாயோடு சேர்கிறது. வெட்ட வேண்டியது சின்னதை. ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சேர்வதில்லை. வீங்கி ஒட்டிக் கிடந்தால் பெரியதையே சின்னது என்று நினைத்து வெட்டிவிடும் ஆபத்து உண்டு. அதனால் சின்னக் குழாய்க்குள் அயடின் கலந்த மருந்தைச் செலுத்தி, மேசையில் வைத்தே எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். 1931இல் ஆர்ஜென்டினாவின் மிரிஸ்ஸி தொடக்கிவைத்த முறையாம். எல்லாருக்கும் எடுப்பதா, சந்தேகம் வந்தால் மட்டுமா என்று சத்திரசிகிச்சை நிபுணர்கள் இன்னும் வாதாடுவதைப் பிறகு வாசித்தோம்.

அம்மாவின் படத்தில் மருந்து ஒரு மரம்போல ஈரலுக்குள் கிளைவிட்டிருந்தது. கீழே, குடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் மட்டும் ஒரு வட்டமான வெற்றிடம். கல். ஸ்கானில் குடற்காற்று மறைத்துவிட்ட இடம் அது. அதை எடுக்க, வாய்வழியாகக் குழாய் விட்டு இன்னொரு நாள் இன்னொரு சிகிச்சை. படம் எடுக்காமல் தைத்து அனுப்பியிருந்தால் அந்தக் கல்லோடுதான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்போம்.

அன்றிரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம், தாண்டிய வரியையும்தான்.

"எனக்கு இங்கிலீசு தெரியாதுதான். ஆனா நீங்கள் எதையோ விழுங்கினது அப்பவே தெரிஞ்சது" என்றா.

இரண்டு நாள் கழித்து அடுத்த படிவம் வந்தது. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்களிடம் நீட்டினா.

"முதல் வரியில இருந்து வாசியுங்கோ. ஆறுதலா."