தாராவியின் சந்துகளில் ஞாயிறு பள்ளி



மும்பையின் மாகிம் ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடப்பீர்களானால் தாராவியை அடைவீர்கள். ஏறக்குறைய 2 சதுர கிலோமீட்டர் பரப்பில் பல லட்சம் மக்கள் நெருங்கி வாழும் இடம் அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகப் புறப்பட்ட நம் மக்கள் இங்கே குடியேறினார்கள். குஜராத்தியக் குயவர்களின் சூளைகள் புகையும் கும்பார்வாடாவைக் கடந்து 90 அடிச் சாலையில் செல்லுங்கள். தைத்திருநாளில் தமிழ்ப் பெண்கள் அச்சாலையிலேயே பொங்கலிடுவார்கள். அந்தத் தெருவின் பிள்ளைகளே பாட்டுச் சத்தம் கேட்டு நமது ஞாயிறு பள்ளியின் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

ஆனால் அவர்கள் நிலைத்திருக்கிறார்களா? சில வாரங்கள் வருகிறார்கள், பின்பு காணப்படுவதில்லை. பரிசளிப்பு நாளிலோ விசுவாசிகளின் பிள்ளைகளே மேடையேறுகிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அறிவு குறைவென்று எண்ணாதிருங்கள். இந்தியிலோ ஆங்கிலத்திலோ கல்வி கற்கும் பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நாம் கொடுக்கும் மனப்பாட வசனத்தாள் அதற்கு வெறும் கோடுகளே. மேலும், விசுவாசியின் வீட்டில் குடும்ப ஜெபத்தில் தாய் வசனத்தைச் சொல்லக் கேட்பாள். மற்றப் பிள்ளைக்கு அப்படிக் கேட்க வீட்டில் ஒருவருமில்லை.

வீட்டில் உட்கார்ந்திருக்கையிலும் வழியில் நடக்கையிலும் பிள்ளைகளுக்குப் போதிக்கும்படி உபாகமம் 6ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. வீட்டில் அவ்வாய்ப்பைப் பெறாத பிள்ளைக்குச் சபையே வீடாக வேண்டாமா? 1780ஆம் ஆண்டு இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது, வாரம் முழுவதும் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கற்பித்தார். வேதத்தைக் கையில் கொடுப்பதோடு, அதை வாசிக்கும் திறனையும் அவர் கொடுத்தார்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உண்டு. வகுப்புக்கு அரைமணி நேரம் முன்பே மூன்று பிள்ளைகளுக்கு ஒரு வாலிபர் வீதம் அமர்ந்து வசனத்தைச் சொல்லக் கேளுங்கள். பிள்ளை அறிந்த எழுத்தில் அதை எழுதிக் கொடுங்கள். நீண்ட வசனத்தைப் பகுதிபகுதியாக, பொருளை விளக்கிக் கற்பியுங்கள். போதகரின் பிள்ளையோடு அதனை ஒப்பிடாமல், சென்ற மாதத்தைவிட எவ்வளவு முன்னேறியது என்று பார்த்துப் பாராட்டுங்கள்.

எல்லாவற்றிற்கும் முன்பாக அதன் பெற்றோரைச் சந்தியுங்கள். அவர்கள் வேறு நம்பிக்கை உடையவர்கள் என்பதை மறவாதிருங்கள். என்ன கற்பிக்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்லி, அவர்கள் மனமார அனுமதித்த பின்பே பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மிட்டாயும் பரிசும் காட்டி இழுப்பது ஊழியமாகாது. நமது நேர்மையைக் காணும் தாய், மறுவாரம் தானே பிள்ளைக்குத் தலைசீவி அனுப்பிவைப்பாள்.

பிரியமானவர்களே, உங்கள் சபை வாசலிலும் அப்படி ஒரு பிள்ளை நிற்கக்கூடும். வருகிற ஞாயிறன்று அதன் பெயரைக் கேட்டறியுங்கள். அருகில் அமர்ந்து, அது சொல்லும் ஒரு வசனத்தைப் பொறுமையாய்க் கேளுங்கள். கர்த்தர் உங்கள் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.