ஒழித்து வைத்த தரை

எங்கள் வீட்டுக் கூடம் ஒரு நாளில் நான்கு அறைகளாகும். காலையில் சாப்பாட்டு அறை. ஐந்து தட்டுகளை வைத்துக்கொண்டு வட்டமாக உட்காருவோம். பகலில் மூன்று வயது மகன் விளையாடுமிடம். மாலையில் ஆறு வயது மகள் வீட்டுப்பாடம் எழுதுமிடம். இரவு பாய் விரித்தால் படுக்கையறை. கே.கே. நகரில் 430 சதுர அடி ஹவுசிங் போர்டு வீடு இது. உள்ளறை அத்தைக்கு. கூடத்தில் ஒரு கட்டிலைப் போட்டால் இந்த நான்கில் மூன்று அறைகள் அன்றைக்கே போய்விடும். அதனால் எங்களுக்கு வீடு என்றால் தரைதான். தரை காலியாக இருந்தால் வீடு பெரிது, இல்லையென்றால் சிறிது.

சாமான்களை என்ன செய்வது என்பதற்குப் பழக்கத்தில் மூன்று சொற்கள் இருக்கின்றன. மூலைக்குத் தள்ளினால் ஒதுக்குவது. பரணில் போட்டால் ஏறக்கட்டுவது. மூன்றாவது, ஒழிப்பது. ‘பாத்திரத்த ஒழிச்சுப் போடும்மா’ என்று அத்தை சொல்வாரே, அந்த ஒழிப்பு. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுப் பாத்திரத்தை மறுபடி பாத்திரமாக்குவது. மகள் பிறந்து நான்கு வருடங்கள் நான் ஒதுக்கினேன், ஏறக்கட்டினேன், ஒழிக்கவேயில்லை. நடைவண்டி, குளிப்பாட்டும் தொட்டி, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, சின்னதாகிப்போன கவுன்கள் எல்லாம் பரணேறின. நவராத்திரிக்குக் கொலுப் பொம்மைப் பெட்டியை எடுக்க, முன்னால் இருந்த ஆறு மூட்டைகளை இறக்க வேண்டியிருந்தது. அவற்றைத் திரும்ப ஏற்றும்போது கை தயங்கியது. அங்கேதான் ஒழிக்கும் வேலையை நான் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

முதலில் வெளியே போனது பொம்மை டப். இடுப்புயர பிளாஸ்டிக் டப் ஒன்றை வைத்திருந்தோம். எல்லாவற்றையும் அள்ளி அதில் போட்டு மூடினால் பெரியவர் கண்ணுக்குக் கூடம் சுத்தமாகத் தெரியும். குழந்தைக்கோ வேண்டிய பொருள் எப்போதும் அடியில்தான் கிடக்கும். ஒரு சின்னக் கார் வேண்டுமென்றால் டப்பையே கவிழ்க்க வேண்டும். கவிழ்த்த பிறகு தரையெங்கும் நூறு துண்டுகள். ‘எல்லாத்தையும் எடுத்து வை’ என்று சின்னப் பிள்ளையிடம் சொன்னால், அதற்கு அந்த ‘எல்லாம்’ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று புரியாது. அதைப் பிடிவாதம் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். அது பிடிவாதமில்லை, திகைப்பு.

மகள் போன மாண்டிசோரி வகுப்பில் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். சுவரோரம் முழங்கால் உயரத்தில் திறந்த அலமாரி. ஒரு தட்டில் ஒரே வேலை. குழந்தை சின்னப் பாய் ஒன்றை விரிக்கிறது, தட்டைக் கொண்டுவந்து அதன்மேல் வைக்கிறது, முடிந்ததும் தட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பாயைச் சுருட்டுகிறது. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதல் பள்ளியைத் தொடங்கியபோது, பொருள்கள் பூட்டிய அலமாரியில்தான் இருந்தன. ஆசிரியைதான் எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் அவர் பூட்ட மறந்துவிட்டார். குழந்தைகள் தாங்களே வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகே தாழ்வான அலமாரிகள் வந்தன. அந்த அம்மையார் 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு ஏனோ நெருக்கமாக இருக்கும். விரிப்பதும் சுருட்டுவதும் பாய் வைத்திருக்கும் நம் வீடுகளுக்குப் புதிதில்லையே.

எங்கள் கூடத்தில் இப்போது இரண்டு தட்டுப் பலகை, எட்டு பொருள்கள். மரக்கட்டைகள் ஒரு கூடையில், அம்பாசமுத்திரம் மரச் சொப்பு ஒரு தாம்பாளத்தில், கிரேயான்கள் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில். வாசிக்கத் தெரியாத சின்னவனுக்காக ஒவ்வொரு இடத்திலும் அங்கே இருக்க வேண்டிய பொருளின் படத்தை மகள் வரைந்து ஒட்டியிருக்கிறாள். மீதி விளையாட்டுச் சாமான்கள் பரணில் ஒரே பெட்டியில். அமாவாசைதோறும் அத்தை வீடு கழுவச் சொல்வார். அன்றைக்குப் பெட்டியை இறக்கி நான்கை மாற்றுவோம். ஒரு மாதத்துக்குப் பிறகு இறங்கும் கட்டைகள் புதிதாக வாங்கியவை போலாகிவிடுகின்றன. ஏன் எட்டு என்று கேட்பார்கள். பன்னிரண்டு வைத்துப் பார்த்தேன்; இரவில் எடுத்து வைக்கும்போது சின்னவன் பாதியில் அழுதான். எட்டில் அழவில்லை. அந்தக் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும்.

பள்ளிப்பைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் மகளின் தோளுயரத்தில் கொக்கி அடித்ததோடு, அவற்றை எங்கே வைப்பது என்ற சண்டை முடிந்தது. பள்ளியிலிருந்து வரும் ஓவியங்களுக்கு ஜன்னலோரம் ஒரு கொடி, பத்து கிளிப்புகள். பதினொன்றாவது வந்தால் எது இறங்குவது என்று அவளே சொல்வாள்.

உறவுக்காரர்களிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. என் அண்ணன் வரும்போதெல்லாம் பேட்டரி பொம்மையோடு வருவார். ‘அண்ணா, பொம்மை வேண்டாண்ணா. ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்றேன். முகம் வாடிவிட்டது. ஆனால் போனார். இப்போது அவர்கள் மாமாவிடம் கேட்பது பீச்சைத்தான். அத்தையின் தயக்கம் வேறு மாதிரி. ‘எல்லாத்தையும் குடுத்துட்டா நாளைக்கு வேணும்னா எங்கம்மா போவ?’ என்பார். ஒரு டிபன் கேரியர் வாங்க ஆறு மாதம் சீட்டுக் கட்டியவர் அவர். அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பரணின் இடது பக்கம் முழுக்க அவருடையது. அங்கே நான் கை வைப்பதில்லை.

அந்த மரியாதையை மகளுக்கு நான் கொடுக்கத் தவறினேன். அவள் நான்கு வயதில் இருந்தபோது, அவள் பள்ளிக்குப் போன நேரத்தில் மூலையில் கிடந்ததையெல்லாம் ஒரு பையில் கட்டிக் கொடுத்துவிட்டேன். அதில் காது பிய்ந்த துணி முயல் ஒன்று இருந்தது. மாதக்கணக்கில் அவள் அதைத் தொட்டதில்லை. மாலையில் வந்தவள் நேராக அந்த மூலைக்குப் போனாள். அழவில்லை. ‘முயல் எங்கம்மா?’ என்று மட்டும் கேட்டாள். நான் சொன்னேன். அன்றிலிருந்து வீட்டில் சாமான் பெருகத் தொடங்கியது. தலையணை உறைக்குள் சாக்லேட் தாள்கள், பாய்ச் சுருளுக்குள் உடைந்த பென்சில்கள், அரிசி டிரம்முக்குப் பின்னால் பாட்டில் மூடிகள். என் கண்ணில் படாத இடங்களிலெல்லாம் ஒளித்து வைத்தாள். பறிகொடுத்த குழந்தை எதையும் விடாது. குழந்தைக்குத் தெரியாமல் ஒழித்த இடம் ஒழிந்த இடமே இல்லை என்பதை அந்த மூடிகள் எனக்குச் சொன்னது போல எந்தப் புத்தகமும் சொன்னதில்லை.

மன்னிப்புக் கேட்டேன். ஊரிலிருந்து இரண்டு பனையோலைப் பெட்டிகள் வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தேன். அதில் என்ன வேண்டுமானாலும் வைக்கலாம். அவர்கள் சொல்லாமல் யாரும் திறக்க மாட்டோம். ஒரே ஒரு விதி: மூடி மூட வேண்டும். முதல் ஆறு மாதம் மகளின் பெட்டி பிதுங்கி நின்றது. ஏழாவது மாதம் ஒருநாள் தானே தரையில் கொட்டி, கூழாங்கற்களை வைத்துக்கொண்டு மூடிகளைக் குப்பைக்கூடையில் போட்டாள். நான் அடுப்படியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

போன போகிக்குப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து நடைவண்டியைத் துடைத்து, கீழ்வீட்டில் புதிதாக நிற்கப் பழகும் பிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதே நாளில் பரணின் அடியிலிருந்து இருவருக்கும் தூளி கட்டிய என் பழைய சுங்குடிச் சேலை இறங்கியது. கூரைக் கொக்கி இன்னும் இருக்கிறது. ‘கட்டும்மா’ என்றான் சின்னவன். கட்டினேன். கால் வெளியே நீள, இருவரும் மாறி மாறிப் படுத்து ஆடினார்கள். பொங்கல் முடிந்து அவிழ்த்து மடித்தபோது மகள் கேட்டாள்: ‘இதயும் குடுத்துடலாமாம்மா?’

எனக்கும் ஒரு ஓலைப்பெட்டி வாங்கிக்கொண்டேன். சேலை அதில் இருக்கிறது. மூடி மூடுகிறதா என்று அவள் அழுத்திப் பார்த்துவிட்டுப் போனாள்.